டயல்அப் பிபிஎஸ்ல கால்பேக் வெரிஃபையர் போடுறது எப்படி: யாரைக் கூப்பிடக்கூடாதுன்னு முதல்ல எழுதுங்க

புதுசா பிபிஎஸ் (மோடம் வழியா ஃபோன் லைன்ல மாட்டின நம்ம கம்ப்யூட்டருக்கு மத்தவங்க டயல் பண்ணி வந்து மெசேஜ் போடுற, ஃபைல் எடுக்கிற இடம்) ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது, இருபது பேர் பதிவு பண்ணியிருக்காங்க, அதுல பாதிப் பேர் கொடுத்த ஃபோன் நம்பரைப் பார்த்தா எல்லா இடத்துலயும் 5 தான் இருக்கு. ஒரே ஆள் நாலு வேற வேற பேர்ல பதிவு பண்ணிக்கிட்டு டவுன்லோட் லிமிட்டை நாலு தடவை எடுத்துட்டுப் போறாரு, அவரை வெளிய அனுப்பினா பத்து நிமிஷத்துல அஞ்சாவது பேர்ல திரும்பி வராரு. லைன் ஒண்ணே ஒண்ணு, அவர் உள்ள இருக்கிற வரைக்கும் மத்தவங்களுக்கு பிஸி டோன்தான். இந்த நிலைமைல சிஸ்ஆப் (பிபிஎஸ் நடத்துறவங்க) எல்லாரும் தேடிப் போறது கால்பேக் வெரிஃபையரைத்தான்.

வேலை ரொம்ப சிம்பிள். புது யூசர் தன்னோட நம்பரை அடிக்கிறாரு, வெரிஃபையர் லைனை கட் பண்ணிட்டு அந்த நம்பருக்கு திரும்ப டயல் பண்ணுது, அந்தப் பக்கம் அவரோட மோடம் எடுக்குது, அவர் பாஸ்வேர்டை அடிக்கிறாரு, சரியா இருந்தா செக்யூரிட்டி லெவல் (யூசருக்கு எவ்வளவு அனுமதின்னு சொல்ற எண்) ஏறுது. இதை செட் பண்றப்ப எல்லாரும் தப்பான ஆள் உள்ள வந்துடக்கூடாதுன்னுதான் யோசிக்கிறாங்க. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. இதை ஆன் பண்ண நிமிஷத்துல இருந்து உங்க கம்ப்யூட்டர் யார் வீட்டு ஃபோனை வேணும்னாலும் அடிக்கும், எந்த நம்பரை அடிக்கணும்னு சொல்றது நீங்க முன்னபின்ன பார்த்திராத ஒருத்தர். அதனால இந்த வழிகாட்டில செக்யூரிட்டி லெவலைப் பத்தி கொஞ்சமாவும், யாரைக் கூப்பிடக்கூடாது எப்ப கூப்பிடக்கூடாதுங்கிறதைப் பத்தி நிறையவும் எழுதியிருக்கேன்.

கமாண்ட், ஃபைல் பேரு எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரி தமிழ்ல எழுதியிருக்கேன். ஏடிஇசட்னு இருந்தா கீபோர்டுல அந்த மூணு இங்கிலீஷ் எழுத்தை இடைவெளி விடாம அடிச்சு என்டர் தட்டுங்க, மத்ததும் அப்படித்தான்.

மோடத்தோட முதல்ல நேரா பேசுங்க

வெரிஃபையர் ஜிப்பைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பிபிஎஸ்ஸை நிறுத்திட்டு ஒரு சாதா டெர்மினல் ப்ரோக்ராமைத் திறங்க. ரெண்டும் ஒரே போர்ட்டைப் பிடிச்சா எதுவும் வேலை செய்யாது. காம்ங்கிறது மோடம் மாட்டுற சீரியல் போர்ட், ஐஆர்க்யூங்கிறது அந்த போர்ட் ப்ராசசரைக் கூப்பிடுற இன்டரப்ட் எண். காம்1க்கு முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4. காம்2க்கு 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம்3 வழக்கமா காம்1ஓட ஐஆர்க்யூவையேதான் எடுத்துக்கும், அதனால மௌஸ் காம்1லயும் மோடம் காம்3லயும் இருந்தா மௌஸை அசைச்சதும் மோடம் ஊமையாயிடும். பழைய மெஷின்ல ராத்திரி முழுக்க மோடத்தைத் திட்டிட்டு கடைசில காரணம் இதுவா இருக்கும், முதல்லயே பார்த்துடுங்க.

ஏடி&எஃப் அடிச்சு ஃபேக்டரி செட்டிங்குக்குப் போங்க, ஓகே வரும். அப்புறம் ஏடிஎக்ஸ்4. இதுதான் மோடத்தை டயல்டோனுக்கு காத்திருக்க வைக்குது, பிஸி டோனையும் அடையாளம் காண வைக்குது, இது இல்லாம வெரிஃபையர் கண்ணைக் கட்டிக்கிட்டு டயல் பண்ற மாதிரிதான். ஏடி&சி1 போட்டா அந்தப் பக்கம் கேரியர் (எதிர்ப்பக்க மோடத்தோட சிக்னல்) நிஜமா இருக்கிறப்ப மட்டும்தான் கேரியர் சிக்னல் ஆன் ஆகும், ஏடி&டி2 போட்டா கம்ப்யூட்டர் டிடிஆரை (நான் தயார்னு மோடத்துக்குக் காட்டுற சிக்னல்) இறக்கினதும் மோடம் லைனை வச்சுடும், வெரிஃபையர் லைனை கட் பண்றது பெரும்பாலும் இந்த வழிலதான். ஏடிஎஸ்0=0 போட்டு ஆட்டோ ஆன்சரை நிறுத்துங்க. ஏடிவி1 போட்டா பதில் நம்பரா வராம வார்த்தையா வரும். எல்லாம் முடிஞ்சு ஏடி&டபிள்யூ அடிச்சா மோடம் ஞாபகத்துல வச்சுக்கும்.

ஸ்பீக்கரை இப்போதைக்கு அணைக்காதீங்க, ஏடிஎம்1ல விடுங்க, காது குடுத்துக் கேட்டாத்தான் பாதி விஷயம் புரியும்.

இப்ப மூணு சோதனை. ஃபோன் வயரைக் கழட்டிட்டு ஏதாவது ஒரு நம்பருக்கு ஏடிடிடி (டோன்ல டயல் பண்ற கமாண்ட்) போடுங்க, நோ டயல்டோன்னு வரணும். திரையில எழுத்து எப்படி வருதுன்னு உத்துப் பாருங்க, சில மோடம் டயல்டோனை ஒரே வார்த்தையா அடிக்கும், சில மோடம் நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு வார்த்தையா அடிக்கும், வெரிஃபையரோட கான்ஃபிக்ல எழுதியிருக்கிறது இதோட ஒத்துப் போகலைன்னா வயர் கழண்டு கிடக்கிறதுகூட தெரியாம அது ரெண்டு நிமிஷம் முழிச்சுக்கிட்டு இருக்கும். கனெக்ட்டும் அப்படித்தான், பின்னாடி வேகம், எரர் கரெக்ஷன் பேரெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், அதனால முதல் வார்த்தையை மட்டும் பார்க்கிற மாதிரி வைங்க. அடுத்து வயரை மாட்டிட்டு உங்க லைனோட நம்பருக்கே டயல் பண்ணுங்க, பெரும்பாலும் பிஸி வரும். மூணாவது, உங்க கைல இருக்கிற இன்னொரு ஃபோனுக்கு டயல் பண்ணி, எடுத்து, காதுல வச்சுக் கேளுங்க.

என்ன கேக்குது? ஒண்ணும் கேக்காது. மோடம்னாலே கீச்கீச்னு கத்தும்னு நாம நினைக்கிறோம், ஆனா முதல்ல சத்தம் போட வேண்டியது ஃபோனை எடுக்கிற பக்கம். அந்தப் பக்கத்து மோடம் 2100 ஹெர்ட்ஸ் டோனைக் கொடுத்தாத்தான் கூப்பிட்ட மோடம் வாயைத் திறக்கும். சில மோடம் 1300 ஹெர்ட்ஸ்ல விட்டு விட்டு ஒரு பீப் கொடுக்கும், நிறைய மோடம் அதுகூட கொடுக்காது. எடுத்தவர் மனுஷனா இருந்தா அவருக்குக் கிடைக்கிறது வெறும் அமைதி, எஸ்7ல (கனெக்ட் ஆக மோடம் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கிற செட்டிங்) எத்தனை செகண்ட் போட்டிருக்கீங்களோ அது முடியற வரைக்கும்.

இதை நான் சோதனை பண்ணித் தெரிஞ்சுக்கலை. முதல் தடவை வெரிஃபையர் போட்டப்ப வந்த செட்டிங்கை அப்படியே விட்டுட்டேன், நேரக் கட்டுப்பாடு கிடையாது, கனெக்ட் ஆகலைன்னா மொத்தம் அஞ்சு தடவை முயற்சி பண்ணும். ஒருநாள் காலைல லாக்கைத் திறந்தா இப்படி இருந்துச்சு.

01:52 டயல், நோ கேரியர்
01:54 டயல், நோ கேரியர்
01:56 டயல், நோ கேரியர்
01:58 டயல், நோ கேரியர்
02:00 டயல், நோ கேரியர், முயற்சி முடிந்தது

அதைப் பார்த்து எனக்கு ஒண்ணும் தோணலை, யாரோ மோடத்தை ஆன்சர்ல வைக்க மறந்துட்டாங்கன்னு விட்டுட்டேன். பத்து மணி வாக்குல ஒரு அம்மா கூப்பிட்டாங்க, அவங்க ஃபோன்ல என் நம்பர் விழுந்திருக்கு. "ராத்திரி இந்த நம்பர்ல இருந்து அஞ்சு தடவை ஃபோன் வந்துச்சுங்க, எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருக்காரு, அங்க இருந்துதான்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடி எடுத்தேன், யாருமே பேசலை, நீங்க யாருங்க"ன்னாங்க. எவனோ விளையாட்டுக்கு அடிச்ச நம்பர் அது. நான் மன்னிப்பு கேட்டேன், அவங்க கோபப்படக்கூட இல்லை, ஆஸ்பத்திரி இல்லைன்னு தெரிஞ்சதே போதும்னு வச்சுட்டாங்க. அன்னிக்கு வெரிஃபையரை நிறுத்தினவன் ரெண்டு மாசம் கழிச்சுதான் திரும்ப ஆன் பண்ணேன். கீழ இருக்கிற செட்டிங் எல்லாம் அந்த ரெண்டு மாசத்துல யோசிச்சது.

எண் வடிகட்டி, இதுல அவசரப்படாதீங்க

எல்லா வெரிஃபையர்லயும் தடை பண்ற நம்பருக்குன்னு ஒரு ஃபைல் இருக்கும், சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான், வரிக்கு ஒரு நம்பர் இல்லைன்னா நம்பரோட ஆரம்பம். முதல் வரிகள்ல அவசர எண்களை எழுதுங்க, 112, 911 மாதிரி உங்க ஊர்ல போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு என்னென்ன இருக்கோ அத்தனையும். அவசர எண்ணுக்கு ஒரு மோடம் கூப்பிட்டு பேசாம நின்னா அங்க ஒரு ஆள் அதுக்காக உட்கார வேண்டியிருக்கும், நிஜமா உதவி வேணும்கிறவர் காத்திருப்பாரு. அடுத்தது ஆபரேட்டர் எண், நிமிஷத்துக்கு காசு பிடிக்கிற எண்கள், வட அமெரிக்காவுல 900, 976ன்னு இருக்கிற மாதிரி. வெளிநாட்டுக்குப் போற முன்னெண். உங்க பிபிஎஸ்ஸோட சொந்த நம்பர், ரெண்டு லைன் இருந்தா ரெண்டும், இல்லைன்னா உங்க பிபிஎஸ்ஸே உங்க பிபிஎஸ்ஸைக் கூப்பிட்டு பாஸ்வேர்டு கேக்கும்.

இதோட நிறுத்தினா ஒரு பெரிய ஓட்டை இருக்கு. டயல் கமாண்ட்ல நம்பர் மட்டும் போகறதில்லை, எழுத்தும் குறியும் போகும். கமா போட்டா மோடம் ரெண்டு செகண்ட் நின்னுட்டு மிச்சத்தை டயல் பண்ணும், டபிள்யூ போட்டா ரெண்டாவது டயல்டோனுக்குக் காத்திருக்கும், செமிகோலன் போட்டா டயல் பண்ணிட்டு கமாண்ட் மோடுக்குத் திரும்பிடும். தடை ஃபைல்ல 900 இருக்குன்னு வைங்க, ஒருத்தர் முன்னாடி ஒரு கமா போட்டு அடிச்சா ஆரம்பத்தை மட்டும் ஒப்பிடுற வெரிஃபையர் ஏமாந்துடும். நட்சத்திரக் குறி இன்னும் மோசம். வட அமெரிக்க லைன்ல நட்சத்திரம் 72 அடிச்சு ஒரு நம்பரைக் கொடுத்தா கால் ஃபார்வர்டு ஆன் ஆகும், உங்க லைனுக்கு வர்ற எல்லா காலும் வேற ஒருத்தருக்குப் போயிடும், வேற நாடுகள்லயும் இதே வேலைக்கு வேற கோட் இருக்கு. அதனால யூசர் அடிக்கிறதுல 0ல இருந்து 9 வரைக்கும் உள்ள இலக்கம் தவிர மத்த எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுட்டு, மிச்சம் இருக்கிறதை எண்ணி, இத்தனை இலக்கத்துக்குக் குறையாம இத்தனைக்கு மேல போகாமன்னு பார்க்கிற ஆப்ஷனைத் தேடி ஆன் பண்ணுங்க. அந்த ஆப்ஷனே இல்லாத வெரிஃபையரா இருந்தா வேற ஒண்ணைத் தேடுங்க, இதுல சமாதானம் பண்ணிக்க முடியாது.

என்னைக் கேட்டா தடை லிஸ்ட்டைவிட அனுமதி லிஸ்ட் நல்லது. உங்க லோக்கல் கால் எல்லைக்குள்ள வர்ற எக்ஸ்சேஞ்ச் முன்னெண்கள் எதுன்னு எடுத்து அதை மட்டும் எழுதி, அதுக்குள்ள வராத எதையும் டயல் பண்ணாதேன்னு வச்சுட்டா நீங்க யோசிக்காத எண்ணும் தானா அடைபடும், பில்லும் கைக்குள்ள இருக்கும். வெளியூர் யூசரை வேற மாதிரி பார்த்துக்கலாம், கீழ சொல்றேன்.

நேரம். காலைல 8ல இருந்து ராத்திரி 9 வரைக்கும்தான் என் வெரிஃபையர் டயல் பண்ணும். பிபிஎஸ்ஸுக்கு ஆள் வர்றதே ராத்திரி பதினோரு மணிக்கு மேலதானேன்னு கேப்பீங்க, உண்மைதான், நேர்மையான யூசர் அந்த நேரத்துல ஃபோன் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருப்பாரு, அவருக்கு மணி அடிச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா அவர் நேர்மையானவரான்னு தெரிஞ்சுக்கத்தானே கூப்பிடுறோம். ராத்திரி வர்றவருக்கு ஒரு சின்ன மெசேஜ் காட்டி பகல்ல வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் மெசேஜ் படிக்க மட்டும் விடுங்க. ஒரு நாள் காத்திருக்க மாட்டேன்னு போறவங்க ரொம்பக் கம்மி.

திரும்ப முயற்சி பண்றது. பிஸி வந்தா அங்க மணியே அடிக்கலைன்னு அர்த்தம், யூசர் இன்னும் லைனை வைக்காம இருக்கலாம், ஒரு நிமிஷம் விட்டு இன்னும் ரெண்டு தடவை பார்க்கலாம். நோ கேரியர் வந்தா திரும்ப டயல் பண்ணவே கூடாது. ஃபோன் அடிச்சு அடிச்சு யாரும் எடுக்காம போனாலும் நோ கேரியர்தான், ஒரு மனுஷன் எடுத்து ஹலோ சொல்லி வச்சாலும் நோ கேரியர்தான். நோ ஆன்சர்னு தனியா ஒரு பதில் இருக்கு, ஆனா டயல் வரியில அட் குறி போட்டாத்தான் பெரும்பாலும் வரும், அதை நம்பி எழுதாதீங்க. ஒரு நோ கேரியர் வந்ததும் அந்த நம்பர் சிஸ்ஆப் பார்க்கிற லிஸ்ட்டுக்குப் போகணும், அதே நம்பரை வேற பேர்ல யாராவது கொடுத்தாலும் டயல் ஆகக்கூடாது. எஸ்7ஐ 45 செகண்ட் வச்சிருக்கேன், டயல் பண்ற நேரம், மணி அடிக்கிற நேரம், ரெண்டு மோடமும் கைகுலுக்குற நேரம் எல்லாம் இதுக்குள்ள அடங்கணும், முப்பதுக்குக் கீழ வச்சா நல்ல யூசரும் தோத்துப் போவாரு.

டோர் ப்ரோக்ராமா மாட்டுறது

வெரிஃபையர் பிபிஎஸ்ஸுக்குள்ள ஒரு டோரா ஓடும், டோர்ங்கிறது பிபிஎஸ் கொஞ்ச நேரம் யூசரை ஒப்படைக்கிற தனி ப்ரோக்ராம். பிபிஎஸ் யூசரோட விவரத்தை ஒரு டிராப் ஃபைல்ல எழுதிட்டு டோரைக் கூப்பிடும். எந்த டிராப் ஃபைல்ங்கிறது முக்கியம். டோர்இன்ஃபோ1.டெஃப்ல பேரு, ஊரு, லெவல், நேரம் எல்லாம் இருக்கும், ஃபோன் நம்பர் கிடையாது, அதனால அதை வச்சு ஓடுற வெரிஃபையர் நம்பரைத் தானே கேட்டு வாங்கணும். டோர்.சிஸ்ல 52 வரி, 12ஆவது வரில வீட்டு நம்பர், 13ல ஆபீஸ் இல்லைன்னா டேட்டா நம்பர், 14ல பாஸ்வேர்டு, 15ல செக்யூரிட்டி லெவல். பாஸ்வேர்டு அப்படியே படிக்கிற மாதிரி கிடக்கும், அதனால டோர் முடிஞ்சதும் இந்த ஃபைலை அழிக்கிற ஒரு வரியை பேட்ச் ஃபைலோட கடைசில கண்டிப்பா போடுங்க. 2ஆவது வரில இருக்கிறது யூசர் கனெக்ட் ஆன வேகம், 5ஆவது வரில இருக்கிறது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல இருக்கிற வேகம், வெரிஃபையர் போர்ட்டைத் திறக்க வேண்டியது இந்த அஞ்சாவது வரி வேகத்துலதான், மாறிப் போனா திரையில குப்பையா எழுத்து வரும்.

டாஸ்ல ஓட்டுறீங்கன்னா ஃபாசில் டிரைவர் (சீரியல் போர்ட்டைப் பார்த்துக்கிற டிரைவர்) வேணும், எக்ஸ்00 இல்லைன்னா பிஎன்யூ, ரெண்டுல எது ஏற்கனவே ஓடுதோ அதையே விடுங்க.

புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. வழக்கமான டோர்ல யூசர் லைனை வச்சுட்டா கேரியர் போனதைப் பார்த்து டோர் உடனே மூடிடணும், அதுக்காகவே கேரியர் போனா மெஷினை ரீபூட் பண்ற வாட்ச்டாக் எல்லாம் போட்டு வச்சிருப்போம். வெரிஃபையர் தானே வேணும்னு கேரியரை விடுது. வாட்ச்டாக் அதை யூசர் ஓடிட்டாருன்னு நினைச்சு டயல் பண்றதுக்கு முன்னாடியே ரீபூட் பண்ணிடும், நீங்க வெரிஃபையர்ல பிழைன்னு நினைச்சு அதையே நோண்டிட்டு இருப்பீங்க. பேட்ச் ஃபைல்ல வெரிஃபையருக்கு முந்தின வரில வாட்ச்டாக்கை அணைச்சு, அடுத்த வரில திரும்ப ஆன் பண்ணுங்க. பிபிஎஸ் மெனுல அந்த டோருக்கு கேரியரைக் கவனிக்காதேன்னு ஆப்ஷன் இருந்தா அதையும் போடுங்க.

இன்னொரு இடம், லெவல் ஏத்துறது. வெரிஃபையர் யூசர் ஃபைல்ல புது லெவலை எழுதிட்டு வெளிய வரும், பிபிஎஸ் தன் மெமரில இருக்கிற பழைய லெவலை லாகாஃப் ஆகறப்ப அதுமேலயே எழுதிடும், யூசர் அடுத்த நாள் வந்து நான் எல்லாம் சரியாதானே பண்ணேன்னு மெசேஜ் போடுவாரு. ரிமோட்ஆக்சஸ் மாதிரி எக்ஸிட்இன்ஃபோ.பிபிஎஸ் எழுதுற சாஃப்ட்வேர்ல டோர் அந்த ஃபைலை மாத்தணும், திரும்பி வந்ததும் பிபிஎஸ் அதைப் படிச்சுக்கும். உங்க பிபிஎஸ் எதைத் திரும்பப் படிக்குதுன்னு மேனுவல்ல பார்த்துட்டு வெரிஃபையர்ல அதைத் தேர்ந்தெடுங்க. லெவலை ஒரே தடவைல உச்சத்துக்கு ஏத்தாதீங்க, சாதா யூசர் லெவலோட நிறுத்துங்க.

லைனை வைக்காம ஏமாத்துறவங்க

நிறைய எக்ஸ்சேஞ்ச்ல காலை முடிக்கிற அதிகாரம் கூப்பிட்டவர் கைலதான் இருக்கு. எடுத்தவர் வச்சாலும் கூப்பிட்டவர் வைக்காத வரைக்கும் கொஞ்ச நேரம் லைன் விடாது. ஒருத்தர் வேற யாரோட நம்பரையோ கொடுத்துட்டு தன் பக்கம் லைனை வைக்காம ஒரு டயல்டோன் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டா, உங்க மோடம் டயல்டோன் வந்துடுச்சுன்னு நம்பி அதே காலுக்குள்ளயே நம்பரை டயல் பண்ணும், அவர் மோடத்தை ஆன்சர்ல போடுவாரு, வெரிஃபையர் சந்தோஷமா லெவல் ஏத்தும். எக்ஸ்4 இங்க காப்பாத்தாது.

நல்ல மருந்து, வெளிய கூப்பிடுறதுக்குன்னு தனி லைன். அது முடியலைன்னா கட் பண்ணதுக்கும் டயல் பண்றதுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு நிமிஷம் விடுங்க, ஒவ்வொரு தடவையும் பத்து இருபது செகண்ட் முன்ன பின்ன மாறட்டும். உங்க எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்குதுன்னு இன்னொரு ஃபோன்ல இருந்து கூப்பிட்டு, இந்தப் பக்கம் வச்சுட்டு, கடிகாரத்தைப் பார்த்து நீங்களே அளந்துக்கலாம், அந்த நேரத்தைவிட அதிகமா வைங்க. காத்திருக்கிற நேரத்துல லைனை ஆஃப்ஹூக்ல வைக்காதீங்க, அப்படி வச்சா பழைய கால் விடுபடவே விடாது. எஸ்0 சைபரா இருக்கணும்னு முதல்ல சொன்னது இதுக்கும் சேர்த்துத்தான், அந்த ஒரு நிமிஷத்துல வேற யூசர் கூப்பிட்டா மோடம் தானா எடுத்துடக்கூடாது. டயல் பண்ற அதே நொடில வெளியில இருந்து ஒரு கால் வந்து விழுந்தா மோடம் அந்தக் காலையே எடுத்துடும், டயல்டோன் இருக்காது, அப்ப எக்ஸ்4 நோ டயல்டோன்னு சொல்லி நிறுத்திடும். பாஸ்வேர்டை ரெண்டாவது தடவை கேக்கறதும் இதுக்குத்தான், அதை எக்காரணம் கொண்டும் ஆஃப் பண்ணாதீங்க. மூணு தடவை தப்பினா வச்சுடணும், 60 செகண்ட் யாரும் எதுவும் அடிக்கலைன்னாலும் வச்சுடணும்.

பாஸ்வேர்டு சரியானதும் யூசரை உள்ளயே விடலாமா, வச்சுட்டு திரும்பக் கூப்பிடச் சொல்லலாமான்னு கேக்கும். வச்சுடுங்க. உள்ளயே விட்டா கால் செலவு உங்களுக்கு.

யூசர் என்ன பார்க்கணும்

நல்ல யூசர் பாதிப் பேர் தோக்கிறது திரையில தெளிவா சொல்லாததாலதான். லைன் கட் ஆனதும் பயந்து டெர்மினலை மூடிட்டுப் போயிடுவாங்க. கட் பண்றதுக்கு முன்னாடி வர்ற டெக்ஸ்ட் ஃபைலை நீங்களே எழுதுங்க, என்னோடது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இப்ப லைன் கட் ஆகும், நோ கேரியர்னு வரும், பயப்படாதீங்க. டெர்மினலை மூடாதீங்க. ஃபோனைத் தொடாதீங்க. ஒண்ணுல இருந்து ரெண்டு நிமிஷத்துல ரிங்னு வரும், அப்ப ஏடிஏ அடிச்சு என்டர் தட்டுங்க. கனெக்ட் ஆனதும் பாஸ்வேர்டு கேக்கும். ஆன்சரிங் மிஷினோ ஃபேக்ஸ் சாஃப்ட்வேரோ அதே லைன்ல இருந்தா இப்பவே அணைச்சுடுங்க. நீங்க கொடுத்த நம்பர் கீழ இருக்கு. இது உங்க வீட்டு நம்பர்தானா? இந்த லைன்ல இருந்துதான் இப்ப கூப்பிட்டிருக்கீங்களா?"

கடைசி ரெண்டு கேள்விக்கும் ஆமான்னு முழு வார்த்தையா அடிக்க வைங்க, ஒரு எழுத்துல தாண்டிப் போக விடாதீங்க. ஒரு இலக்கம் தவறுதலா மாறிப் போனவங்க இங்கதான் கண்டுபிடிச்சுத் திருத்துறாங்க, அப்படி மாறின நம்பரும் யாரோ ஒருத்தரோட வீடுதான்.

திறக்கிறதுக்கு முன்னாடி சோதனை

தடை எண்களைச் சோதிக்கிறப்ப ஃபோன் வயர் சுவத்துல இருந்து கழண்டு இருக்கணும். திரும்பவும் சொல்றேன், வயரைக் கழட்டிட்டுத்தான். லோக்கல் லாகின்ல போய் அவசர எண், கமா போட்ட எண், நட்சத்திரம் போட்ட எண், ரொம்பச் சின்ன எண், உங்க சொந்த எண் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அடிச்சு லாக்ல தடைன்னு விழுதான்னு பாருங்க. டயல்னு ஒரு வரி விழுந்தா ஃபைல்ல ஏதோ விட்டிருக்கீங்க. கடிகாரத்தை ராத்திரி 2 மணிக்கு மாத்திட்டு நல்ல எண் ஒண்ணையும் கொடுத்துப் பாருங்க, அதுவும் தடையாகணும். நிறைய பழைய மெஷின்ல பேட்டரி செத்து கடிகாரம் தப்பா ஓடும், அப்ப நேரக் கட்டுப்பாடு இருந்தும் பிரயோஜனம் இல்லை, அதையும் கையோட பார்த்துடுங்க.

அப்புறம் வயரை மாட்டி, ரெண்டாவது லைன்ல ஒரு மோடமும் ஒரு நண்பரும் இருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும். சரியா ஒரு தடவை, தப்பு பாஸ்வேர்டோட ஒரு தடவை, லைனை பிஸியா வச்சு ஒரு தடவை, அடிக்க விட்டு எடுக்காம ஒரு தடவை, மோடத்துக்குப் பதிலா நண்பர் கையால எடுத்து ஹலோ சொல்லி ஒரு தடவை. கடைசி ரெண்டுலயும் வெரிஃபையர் திரும்பக் கூப்பிடாம இருக்கான்னு பத்து நிமிஷம் காத்திருந்து பாருங்க.

இப்ப நிறைய பேர் செம்பு லைன் இல்லாம இன்டர்நெட் ஃபோன் அடாப்டர்ல மோடத்தை மாட்டுறாங்க. டயல்டோனை அடாப்டரே உள்ளயே உண்டாக்கிக் கொடுக்குது, அதனால டயல்டோன் வந்தாலும் வெளிய லைன் இருக்குன்னு அர்த்தம் இல்லை. கோடெக்கை (ஒலியை டிஜிட்டலா மாத்துற முறை) ஜி.711ல வைங்க, சைலன்ஸ் சப்ரஷனை (அமைதியான நேரத்துல ஒலியை அனுப்பாம விடுறது) அணைங்க, வேகத்தை 9600க்கோ அதுக்கும் கீழயோ இறக்குங்க, அப்பவும் சில நேரம் கனெக்ட் ஆகாது, அது யூசர் தப்பு கிடையாது. டெல்நெட்ல, அதாவது ஃபோன் இல்லாம இன்டர்நெட் வழியா, வர்றவங்களுக்கு இந்த முறையே பொருந்தாது, திருப்பிக் கூப்பிட நம்பர் இல்லை.

வெளியூர் யூசருக்கும், ஆபீஸ் எக்ஸ்டென்ஷன்ல இருந்து வர்றவங்களுக்கும், ஒரே நம்பர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கும் கையால பண்றதுதான் வழி. நேரம் கேட்டு நீங்களே ஃபோன்ல பேசுங்க, இல்லைன்னா ஒரு கோட் எழுதி தபால்ல அனுப்பி அதை உள்ள வந்து அடிக்கச் சொல்லுங்க. ஏற்கனவே சரிபார்த்த நம்பர் இன்னொரு பேர்ல வந்தா வெரிஃபையர் தானா மறுக்க வேண்டாம், உங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டா போதும், ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருக்கிறது தப்பில்லையே.

லாக் ஃபைல் மேல கவனமா இருங்க. அதுல உங்க யூசர் அத்தனை பேரோட வீட்டு நம்பரும் வரிசையா இருக்கு. யூசர் டவுன்லோட் பண்ற டைரக்டரி பக்கம் அது இருக்கக்கூடாது, பேக்கப் டிஸ்க்கைக் கொடுக்கிறப்ப அதுல போயிடக்கூடாது. சரிபார்த்தது முடிஞ்ச நம்பரை மூணு மாசத்துக்கு மேல லாக்ல வச்சுக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியலை, நான் அழிச்சுடுவேன். தடை லிஸ்ட்டை மட்டும் அழிக்க மாட்டேன்.

முதல் ஒரு மாசம் தினமும் காலைல லாக்குல நோ கேரியர் வரியை மட்டும் பாருங்க. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும். யாராவது உங்க நம்பரைப் பார்த்துட்டு திரும்பக் கூப்பிட்டு யாருங்க நீங்கன்னு கேட்டா, மிஷின் தப்பா கூப்பிட்டுடுச்சு, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு, அவங்க லைன்ல இருக்கிறப்பவே தடை ஃபைலைத் திறந்து நம்பரை எழுதி சேவ் பண்ணிட்டு, இனிமே வராதுங்கன்னு சொல்லிட்டு வைங்க. ஃபைலோட முதல் வரில அவசர எண்களுக்கும் மேல என்கிட்ட ஒரு நம்பர் இருக்கு, அந்த அம்மாவோடது.